ரெண்டாவது பிளேனுக்கு இன்ஜின் எடுத்தது

எனக்கு எழுபத்தி மூணு வயசு. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கேன். நாலு நான் பெத்தது, ரெண்டு என் தங்கச்சி பெத்துப் போட்டுட்டுக் கண்ணை மூடினது. ஆறும் இன்னைக்குத் தன் கையில சம்பாதிச்சுச் சாப்பிடுது. பள்ளிக்கூடத்துக்கு நான் போனது ரெண்டாங் கிளாஸ் வரைக்கும். அதுவும் மழைக்காலத்துல போனதில்லை, நடவு இருக்கும். அதனால என் எழுத்து கொஞ்சம் நொண்டும். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப் பொழுது ஆகுது. ஆகட்டும்.

எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம், நான் பிளேன் விடுறதைப் பத்தி ஊருல ஆளுக்கு ஒரு மாதிரி பேசுறாங்க. "பேத்திதான் விடுது, அந்தம்மா சும்மா ரிமோட்டுப் பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது"ன்னு டீக்கடையில ஒரு பேச்சு. "இன்ஜினை மருமகன் பாத்து வாங்கிக் குடுத்தாரு, இல்லாட்டி இதுக்கு என்ன தெரியும்"னு இன்னொரு பேச்சு. இன்ஜினை எடுத்தது நான். எப்படி எடுத்தேன்னு எழுதி வச்சுட்டா அப்புறம் யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க.

முதல் பிளேனைக் கொண்டு வந்தது என் கடைசி மகளைக் கட்டின மாப்பிள்ளை. அது அவர்தான், இல்லைன்னு சொல்லலை. வெளிநாட்டுல கம்பெனி வேலை. லீவுக்கு வந்தப்ப தெர்மோகோல் மாதிரி ஒரு வெள்ளைச் சாமானில் செஞ்ச பிளேனை அட்டைக்குள்ள வச்சுக் கொண்டு வந்தார். பேட்டரியில ஓடுறது. எங்க ஊர் கண்மாய் உத்தரகோசமங்கை ரோட்டுக்கு மேக்கால இருக்கு. பங்குனி வந்தா தண்ணி வத்தி, தரை வெடிச்சு, பரந்து கிடக்கும். அங்கன வச்சு அவர் விட்டார். ஆட்டுக்குக் கருவேலங்காய் பொறுக்கப் போன நான் கூடையை இறக்கி வச்சுட்டுப் பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். அதுக்கு மறுநாள் கேட்டுட்டேன்.

"மாப்பிள்ளை, அதை இங்கன குடுங்க. நான் ஒருக்கா பிடிச்சுப் பாக்குறேன்."

அவர் சிரிக்கலை. அதுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். ரிமோட்டுப் பெட்டியை என் கையில குடுத்து, பக்கத்துல நின்னு, "அத்தை, இடது குச்சி வேகம். வலது குச்சி திருப்புறதுக்கும் ஏத்தி இறக்குறதுக்கும்"னு சொல்லிக் குடுத்தார். பிளேன் நம்மளை விட்டுப் போகும்போது சுலபம். நம்மளைப் பார்த்துத் திரும்பி வரும்போதுதான் இடம் வலமா, வலம் இடமா மாறிப்போகும். அது பிடிபடுறதுக்குள்ள ரெண்டு தடவை மூக்கு உடைஞ்சது. பிளேனுக்குத்தான். லீவு முடிஞ்சு அவர் கிளம்பும்போது அதை எங்கிட்டயே விட்டுட்டுப் போனார்.

அந்தக் கோடை முழுக்க விடிஞ்சதும் கண்மாய்க்குப் போயிருவேன். நாத்து, களை, அடுப்பு, சாணின்னு இத்தனை வருசம் நான் பார்த்த வேலை எல்லாம் குனிஞ்சு பார்க்கிற வேலை. இது ஒண்ணுதான் அண்ணாந்து பார்க்கிற வேலை. இதுக்கு மேல காரணம் சொல்ல எனக்குத் தெரியலை.

வைகாசியில அதைத் தொலைச்சேன். கச்சான் காத்து எடுத்த நேரம். எங்க ஊருல கச்சான் மேக்க இருந்து கிளம்பினா நிக்காம அடிக்கும். பிளேன் கிழக்க தூரமாப் போயிருச்சு. அந்த பேட்டரி மோட்டார் கிட்டத்துல இருந்தாலே ஈ பறக்கிற சத்தம்தான் போடும். தூரப்போனா அதுவும் இல்லை. பேட்டரி தீர்ந்து மோட்டார் நின்னிருக்கு, எனக்குத் தெரியலை. ஓடுதுன்னே நினைச்சுக்கிட்டு மேல ஏத்த ஏத்த, அது மேல ஏற முடியாம வேகம் செத்து, காத்தோட போயி சீமைக்கருவேலங் காட்டுக்குள்ள விழுந்துருச்சு.

உச்சி வெயில் வரைக்கும் காட்டுக்குள்ள தேடினேன். பிளேன் கிடைக்கலை. முள்ளு செருப்பைத் துளைச்சுக் குதிகாலில் ஏறி, கால் பொத்துன்னு வீங்கி, ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில கொண்டு போய்ப் போட்டாங்க. என் மூத்த மகன்தான் கூட இருந்து பார்த்தான். வீட்டுக்கு வந்த அன்னைக்கே ஆரம்பிச்சுட்டான்.

"ஆத்தா, ஒண்ணு தொலைஞ்சது போதும். இதோட விடு."

"இன்னொண்ணு விடுவேன்லே."

"எதுக்கு? முள்ளுக்குள்ள விழுந்து கிடக்கவா? பாக்குறவன் எல்லாம் என்னையத்தான் கேக்குறான், ஆத்தாளைப் பாத்துக்க மாட்டியாலேன்னு. உன் வயசுல உள்ளவுக கோயிலுக்குப் போறாக, குளத்துக்குப் போறாக."

"நானும் போறேன். கண்மாய்க்குப் போறேன்ல."

அவன் பொண்டாட்டி அடுப்படியில சிரிச்சுட்டா. அவனுக்கு அது இன்னும் எரிச்சல். கடைசியில இறங்கி வந்தான்.

"சரி. ஒண்ணே ஒண்ணு விடு. அதுவும் காட்டுக்குள்ள போயிருச்சுன்னா, அந்தப் பெட்டியை என் கையில குடுத்துரணும். அப்புறம் இந்த வீட்டுல பிளேன் பேச்சே இருக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

சொல்லிட்டேன். நான் சொன்ன சொல் மாறினவ இல்லைன்னு அவனுக்கும் தெரியும், அதனாலதான் கேட்டான். ஆக எனக்கு இருந்தது ஒரே ஒரு பிளேன். கால் கட்டோட படுத்துக்கிட்டு நான் யோசிச்சது எல்லாம் அது தொலையாம இருக்க என்ன வேணும்னுதான். றெக்கையா, வாலா, பேட்டரியான்னு யோசிச்சுப் பார்த்து, கடைசியில ஒரு இடத்துக்கு வந்தேன். மோட்டார் நின்னது எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் அதைக் கண்மாய்க்குள்ளயே இறக்கியிருப்பேன். எனக்கு வேண்டியது சத்தம்.

எங்க கிணத்துல முன்ன ஆயில் இன்ஜின் இருந்தது. வீட்டுக்காரர் போன பிறகு கரண்டு மோட்டார் வர்ற வரைக்கும் நான்தான் கைப்பிடியைச் சுத்தி அதை ஓட்டினேன். வீட்டுல சோறு வடிச்சுக்கிட்டு இருப்பேன், அது வயல்ல ஓடும். சத்தம் லேசா மாறினா தண்ணி இறைக்கலைன்னு தெரியும். திணறினா டீசல் தீரப்போகுதுன்னு தெரியும். வடிச்ச கஞ்சியை அப்படியே வச்சுட்டு ஓடுவேன். காது எனக்கு இன்னைக்கும் நல்லா இருக்கு. கண்ணுலதான் ரெண்டுலயும் லென்ஸ் வச்சிருக்கு.

மாப்பிள்ளைக்கு வீடியோ கால் போட்டு, "எனக்கு இன்ஜின் வச்ச பிளேன் வேணும்"னு சொன்னேன்.

"அத்தை, இன்ஜின் கஷ்டம். எண்ணெய் அடிக்கும், சூடாகும், ஸ்டார்ட் பண்ணும்போது காத்தாடி விரலை வெட்டிரும். பெரிய பேட்டரியா போட்டுத் தாரேன்."

"பெரிய பேட்டரி சத்தம் போடுமா?"

"போடாது."

"அப்ப வேணாம்."

அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிஞ்சுட்டு, தொண்டியில ஒருத்தர் இருக்கார், இந்தப் பக்கம் பிளேன் விடுறவங்க கூட்டத்துல அவர்தான் மூத்தவர், போய்ப் பாருங்கன்னார். கப்பல்ல இன்ஜின் அறையில வேலை பார்த்து ரிட்டயர் ஆன பாய். கால் ஆறினதும், ஆடி மாசம், மூத்த மகனோட மகளைக் கூட்டிக்கிட்டுப் போனேன். அவ காலேஜ்ல படிக்கிறா. ராமநாதபுரத்துல பஸ் மாறி, உப்பூர்ப் பிள்ளையாருக்கு சன்னல் வழியாவே ஒரு கும்பிடு போட்டுட்டு, தொண்டியில இறங்கினோம்.

பாய் வீடு கடலை ஒட்டி. பின்கட்டுல கனமான மர மேசை ஒண்ணு கிடந்தது. அதுல மூணு இன்ஜினை ஸ்க்ரூ போட்டு முடுக்கி வச்சிருந்தார். ரெண்டு என் கைக்குள்ள அடங்குற சைஸ், மூணாவது கொஞ்சம் பெருசு. ஒவ்வொண்ணுக்கும் முன்னால ஒரு காத்தாடி. மாப்பிள்ளை போன்ல எல்லாம் சொல்லியிருக்கார் போல. ஆனா "மாமியாருக்கு"ன்னு சொன்னதை அவர் நம்பலைன்னு முகத்துலயே தெரிஞ்சது.

"யாருக்கு, பாப்பாவுக்கா?"

"எனக்குத்தான், பாய்."

"உங்களுக்கா அக்கா?"

"ஏன், இன்ஜின் பொம்பளை தொட்டா ஓடாதா?"

உள்ளே இருந்து அவர் பொண்டாட்டி சத்தம் குடுத்தாங்க. "நல்லாக் கேளுங்க அக்கா! இவுக இந்தச் சத்தத்தைப் போட்டுப் போட்டுத்தான் எங்க வீட்டுக்கு விருந்தாளியே வர்றதில்ல."

பாய் சிரிச்சுக்கிட்டே முதல் இன்ஜினை ஓட்டிக் காட்டினார். அது டூ ஸ்ட்ரோக். "நாப்பத்தாறு சைஸ். புதுசா இன்ஜினுக்கு வர்றவங்க எல்லாரும் இதுலதான் ஆரம்பிப்பாங்க"ன்னார். ஒரு பேட்டரி முனையை மேல மாட்டி, குச்சியால காத்தாடியை ஒரு தட்டுத் தட்டினார். கீங்ங்னு ஒரு சத்தம். காதுக்குள்ள கொசு புகுந்த மாதிரி. பேத்தி ரெண்டு காதையும் பொத்திக்கிட்டா. எனக்கும் பிடிக்கலை.

அடுத்தது ஃபோர் ஸ்ட்ரோக். அது கிளம்பினதும் எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. டொப் டொப்புன்னு எங்க கிணத்து இன்ஜின் குட்டி போட்ட மாதிரி. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டேன். "இதுதான் பாய். இதை எடுத்து வைங்க"ன்னு சொல்லிட்டேன்.

"அக்கா, இதுல வால்வு இருக்கு. அப்பப்ப இடைவெளி பாத்துச் சரி பண்ணணும். விலையும் கூட."

"வால்வு எனக்குப் புதுசில்ல. பார்ப்பேன்."

மூணாவது பெட்ரோல்ல ஓடுறது. பெருசு. அதுக்குத் தகுந்த பிளேன் ஒண்ணு அவர் வீட்டுச் சுவத்துல தொங்குச்சு. இறக்கச் சொல்லி ரெண்டு கையிலும் தூக்கிப் பார்த்தேன். தூக்கிட்டேன், ஆனா வீட்டுல இருந்து கண்மாய் வரைக்கும் தூக்கிக்கிட்டு நடக்க என்னால ஆகாது. தினமும் காலையில "ஏலே, இதைக் கொண்டாந்து குடு"ன்னு மகன்கிட்ட நிக்கணும். அந்தப் பிழைப்பு எனக்கு வேணாம். அதைத் திருப்பிச் சுவத்துல மாட்டச் சொல்லிட்டேன்.

பாய் ஃபோர் ஸ்ட்ரோக்கைக் கழட்ட ஸ்பேனரை எடுத்தார். அப்பத்தான் எனக்கு ஒண்ணு பட்டது. நான் மேசைக்கு ஒரு முழ தூரத்துல நின்னு கேட்கிறேன். பிளேன் என் பக்கத்துலயேவா பறக்கும்? முதல் பிளேனைத் தொலைச்ச அன்னைக்குக் காத்து என் முதுகுல அடிச்சது, பிளேன் காத்தோட தூரமாப் போச்சு. அங்கன இருந்து சத்தம் வரணும்னா காத்தை எதிர்த்து வரணும்.

"பாய், கழட்டாதீங்க. நான் காத்துக்கு எதிர கரையோட நடந்து போறேன். நீங்க இதை நிறுத்தாம ஓட்டுங்க. எனக்குச் சத்தம் எங்கன அறுந்து போகுதுன்னு பாக்கணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் ஸ்பேனரைக் கீழே வச்சுட்டு, "அக்கா, நாப்பது வருசமா இன்ஜினோட இருக்கேன், இப்படி ஒருத்தரும் கேட்டதில்ல. போங்க, ஓட்டுறேன்"னார்.

ஆடிக்காத்து முகத்துல மணலை வாரி அடிச்சது. முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு, தென்மேக்க பார்த்துக் கரையோட நடந்தேன். ஃபோர் ஸ்ட்ரோக் சத்தம் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. நாட்டுப்படகு கட்டிக் கிடந்த இடத்துக்கு வந்ததும் காத்துக்குள்ள கரைஞ்சு போச்சு. நின்னு, மூச்சைப் பிடிச்சுக் கேட்டேன். இல்லை. திரும்பிப் பார்த்தா பேத்தி அங்கன நின்னு கையை ஆட்டி, ஓடுது ஓடுதுன்னு சைகை காட்டுறா. எனக்கு ஒண்ணும் கேட்கலை. இன்னும் ரெண்டு அடி பின்னால வந்து கேட்டுப் பார்த்தேன். எனக்கு மனசு வரலை, அதான்.

திரும்பிப் போய், "அந்தக் கொசுவை ஓட்டுங்க"ன்னேன்.

மறுபடி நடந்தேன். படகு வந்தது, தாண்டினேன். வலை காயப்போட்டிருந்த இடம், தாண்டினேன். ஐஸ் கம்பெனிச் சுவர் வரைக்கும் போயிட்டேன். அங்கன நின்னாலும் கீங்ங்னு மெலிசா, ஊசி நூல் மாதிரி, அந்தச் சத்தம் காத்துக்குள்ள நுழைஞ்சு வந்துக்கிட்டு இருந்தது. பாய் நடுவுல வேகத்தைக் குறைச்சுக் கூட்டியிருக்கார் போல, அதுவும் எனக்குத் தெரிஞ்சது.

வலை பின்னிக்கிட்டு இருந்த ஒரு ஆள், "என்ன ஆத்தா, எதைத் தேடுற?"ன்னு கேட்டார்.

"தேடலை அய்யா, கேக்குறேன்"னு சொல்லிட்டுத் திரும்பினேன்.

திரும்பி வந்த தூரம் முழுக்க எனக்கும் எனக்கும் வழக்கு. அந்த டொப் டொப் சத்தத்தை வீட்டுல வச்சுக் கேட்டுக்கிட்டே இருக்கலாம். ஆனா வீட்டுல வச்சுக் கேட்க நான் இன்ஜின் எடுக்க வரலை. பாய் வீட்டு வாசல்ல கால் மணலைத் தட்டும்போது வழக்கு முடிஞ்சது.

"கொசுவைக் கழட்டிக் குடுங்க, பாய்."

"அது சரி. வால்வு பாத்துக்கிறேன்னு சொன்னீங்களே?"

"பாத்துக்குவேன். இந்தப் பிளேனுக்கு இதுதான் வேணும்."

அவர் இன்ஜினைத் துடைச்சு ஒரு பழைய பனியன் துணியில சுத்திக் குடுத்தார். புது இன்ஜின், அவர் மேசையில ஓட்டிப் பார்த்ததோட சரி. பறக்க விடுறதுக்கு முன்னால தரையில வச்சே பல டேங்க் ஓட்டிப் பழக்கணும், அப்பத்தான் உள்ளே இழைஞ்சு வரும்னார். அதுக்கான எண்ணெயும் அவரே கலந்து குடுத்தார். ஸ்பிரிட்டு மாதிரி ஒண்ணும், விளக்கெண்ணெயும்.

"விளக்கெண்ணெயா?"ன்னு கேட்டேன்.

"ஆமாக்கா. விளக்கெண்ணெய்தான் இதுக்கு உயிரு. பழக்குறப்ப கொஞ்சம் கூடவே இருந்தாலும் நல்லது. இந்தா, இந்தச் சின்னப் பாட்டில்ல தனியாத் தாரேன், முதல் ரெண்டு டேங்குக்கு ஒரு கரண்டி சேத்துக்கங்க."

பாட்டிலை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். தண்ணி மாதிரி வெளுத்துப்போய் இருந்தது. மோந்து பார்த்தேன், வாசமே இல்லை. எனக்கு உள்ளூர ஒரு சிரிப்பு. ஆறு பேர் வளர்ந்தது என் கை விளக்கெண்ணெயில. ஆமணக்குக் கொட்டமுத்தை வறுத்து, இடிச்சு, தண்ணியில கொதிக்க வச்சு, மேல மிதக்கிறதை வழிச்சு எடுத்துக் காய்ச்சினா, தேன் நிறத்துல நிக்கும். அக்கம்பக்கம் பிள்ளை பெத்த வீட்டுக்கெல்லாம் என் வீட்டு எண்ணெய்தான் போகும். இந்த இன்ஜினுக்கு விளக்கெண்ணெய்தான் உயிருன்னா, அதுக்கு நல்லதையே குடுப்போம்னு நினைச்சேன்.

வீட்டுக்கு வந்து, பின்னால வேப்பமரத்தடியில பழைய உரல் கட்டை மேல இன்ஜினை முடுக்கி, பாய் குடுத்த சின்னப் பாட்டிலை அலமாரியில வச்சுட்டு, டேங்குல அவர் கலந்து குடுத்ததோட என் எண்ணெயைச் சேர்த்து ஊத்தினேன். ஒரு கரண்டிக்கு ரெண்டு கரண்டி. ஓடுச்சு. நல்லா ஓடுச்சு. ஆமணக்கு வாசம் தெரு முழுக்கப் போச்சு. என் ஓரகத்தி, வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி, சுவருக்கு மேல எட்டிப் பார்த்தா.

"என்ன அக்கா, யாருக்கு வயித்துக்கு ஊத்துற?"

"இதுக்குத்தான்."

"கொடுத்து வச்ச இன்ஜின்! என் பேரனுக்குக் கேட்டப்ப தீந்து போச்சுன்ன."

ரெண்டாவது டேங்க்ல சத்தம் மாறிச்சு. கீங்ங்னு இருந்தது கீச்சுன்னு ஏறி, அடுத்து இழுத்து இழுத்து, நின்னுபோச்சு. தொட்டா கை சுடுது. ஆறினதும் காத்தாடியைச் சுத்திப் பார்த்தேன், சுத்தலை. உள்ளே பசை போட்டு ஒட்டின மாதிரி பிடிச்சுக்கிடுச்சு.

சாயங்காலம் மூத்தவன் வந்து சுத்திப் பார்த்தான். அவனுக்கும் சுத்தலை.

"ஆத்தா, இன்னும் பறக்கவே இல்ல, அதுக்குள்ள போயிருச்சா? அப்ப கணக்கு முடிஞ்சது. பெட்டியைக் குடு."

"காட்டுக்குள்ள போனாத்தான்லே குடுக்கிறதாப் பேச்சு. இது உரல் மேல உக்காந்திருக்கு. காடு எங்க இருக்கு?"

பேத்தி நடுவுல, "அப்பா, அப்பத்தா சொல்றது சரிதான்"னா. அவன் அவளை ஒரு முறை முறைச்சுட்டுப் போயிட்டான்.

மறுநாளே இன்ஜினை மடியில வச்சுக்கிட்டுத் தொண்டிக்குப் போனேன். பாய் பிரிச்சுப் பார்த்தார். எண்ணெய் போற ஊசித் துவாரத்துல பழுப்பா ஒரு கசடு அடைச்சிருந்தது. உள்சுவத்துல எல்லாம் அரக்கு மாதிரி படிஞ்சிருந்தது. விரலால தடவி மோந்து பார்த்தார்.

"அக்கா, நான் குடுத்த எண்ணெய் இல்லையே இது?"

"என் வீட்டு எண்ணெய். நானே காய்ச்சினது."

அவர் ரொம்ப நேரம் சிரிச்சார். அவர் பொண்டாட்டியும் வெளியே வந்து, கேட்டுட்டு, சிரிச்சாங்க. "இது வாசம் கமகமன்னு இருக்கு அக்கா. இதுக்குள்ள கொட்டையோட பால், பிசின் எல்லாம் இருக்கு. பிள்ளைக்கு அது நல்லது. இன்ஜினோட சின்ன ஓட்டையில அது அடைச்சுக்கிடும், எண்ணெய் வராம சூடேறிக் காய்ஞ்சு ஒட்டிக்கிடும்"னார் பாய். என் எண்ணெய் நல்ல எண்ணெய்தான். அதை ஊத்தின இடம் வேற. பாய் எல்லாத்தையும் ஊறவச்சு, சுரண்டாம துடைச்சு, பூட்டிக் குடுத்தார். நல்லவேளை, உள்ளே கீறல் விழலை. "இன்ஷா அல்லா, இனி ஓடும். ஆனா வெளுத்த எண்ணெயையே ஊத்துங்க"ன்னார். கிளம்பும்போது அவர் பொண்டாட்டி மெதுவாக் கேட்டாங்க: "அந்த எண்ணெய் ஒரு பாட்டில் வருமா அக்கா, மகளுக்கு இது மாசம்." அடுத்த தடவை ரெண்டு பாட்டில் கொண்டு போய்க் குடுத்தேன்.

மழைக்காலம் முழுக்க வேலை. பிளேன் உடம்பு லேசான மரத்துல துண்டு துண்டா வந்தது. ஒட்டினது பேத்தியும் நானும். மேலே ஒட்டுற வழவழப்புத் தாளை இஸ்திரிப் பெட்டியால தேய்ச்சு இழுத்தது நான் மட்டும். மஞ்சள் றெக்கை, சிவப்பு வால். மானத்துல தூரத்துல தெரியணும்ல. இன்ஜினை உரல் கட்டையில வச்சு, வெளுத்த எண்ணெயை ஊத்தி, டேங்க் டேங்கா ஓட்டினேன். நான் அரிசி களைவேன், அது ஓடும். நான் கீரை ஆய்வேன், அது ஓடும். அதோட சத்தம் எனக்கு அத்துபடி ஆச்சு. எண்ணெய் நிறைய போனா கரகரப்பு. அளவாப் போனா இழைஞ்ச சத்தம். பத்தாம போனா கீச்சு. காத்தாடிக்கு வேலை கூடினா குரல் இறங்கும், குறைஞ்சா ஏறும். கொசுன்னு சொன்னதை நான் விட்டுட்டேன்.

பங்குனியில ஒரு காலை, காத்து எழும்பறதுக்கு முன்னால, கண்மாய்க்குப் போனோம். பாய் தொண்டியில இருந்து வந்திருந்தார். மூத்தவன் கரை மேல கையைக் கட்டிக்கிட்டு நின்னான். ஓரகத்தி, அவ பேரன், ஆடு மேய்க்கிறவங்கன்னு ஒரு கூட்டம். நான் யாரையும் கூப்பிடலை.

"அக்கா, நான் முதல்ல ஏத்தித் தரட்டா?"ன்னு பாய் கேட்டார்.

"வேணாம் பாய். பக்கத்துல நில்லுங்க, போதும்."

ஓரகத்தி கரையில இருந்து கத்தினா. "அக்கா, பம்புசெட்டு பறந்துருமா?"

பறந்துச்சு. கொஞ்ச தூரம் தரையில ஓடி, குச்சியை லேசாத் தொட்டதும் எழும்பிருச்சு. கரைக்கு மேல, ஆலமரத்துக்கு மேல, திரும்பி என் தலைக்கு மேல. ஆடு எல்லாம் சிதறி ஓடுச்சு. மேய்க்கிறவன் வைதது என் காதுல விழலை. பேத்தி போன்ல அலாரம் வச்சிருந்தா. அது அடிச்சதும், "அப்பத்தா, எண்ணெய் தீரப்போகுது, இறக்கு"ன்னா.

"இன்னும் ஒரு சுத்து, ஆத்தா"ன்னு அவகிட்ட சொன்னேன்.

கிழக்க திருப்பினேன். சூரியன் நேரா கண்ணுல அடிச்சது. லென்ஸ் வச்ச கண்ணு, கூசி எல்லாம் வெள்ளையாப் போச்சு. பிளேனைக் காணோம். பாய் கையை நெத்தியில வச்சுப் பார்க்கிறார், அவருக்கும் தெரியலை. காத்து அப்பத்தான் மேக்க இருந்து எழும்புது, முதுகுல உறைச்சது. கிழக்க இருக்கிறது அந்தக் கருவேலங்காடுதான்.

கண்ணை மூடிக்கிட்டேன். குரல் ஏறிக்கிட்டே போச்சு. அப்ப மூக்கு கீழ பார்த்து இறங்குதுன்னு அர்த்தம். குச்சியைக் கொஞ்சம் இழுத்தேன். குரல் நிலைக்கு வந்தது. வலது பக்கம் சாய்ச்சுப் பிடிச்சேன். சத்தம் தெக்க நகர்ந்து, மெல்ல என்னைப் பார்த்துத் திரும்புது. நல்லாத் தெரிஞ்சது, திரும்புது. கண்ணைத் திறந்தா, காட்டுக்கு மேல மஞ்சள் றெக்கை.

அப்ப நின்னுபோச்சு. டக்குன்னு, மானம் முழுக்க அமைதி. எண்ணெய் தீர்ந்துருச்சு.

போன வைகாசியில இந்த அமைதி எனக்குத் தெரியாமப் போனதாலதான் எல்லாம் போச்சு. இப்ப அந்த நொடியே தெரிஞ்சது. மேல ஏத்தணும்னு கை துடிச்சது. ஏத்தலை. மூக்கைக் கீழ காட்டி, வேகத்தைப் பிடிச்சுக்கிட்டு, காத்துக்கு நேரா வச்சேன். "இழுக்காதீங்க அக்கா, இழுக்காதீங்க"ன்னு பாய் முணுமுணுத்தார். நான் இழுக்கலை. அது காட்டு உச்சியை உரசுற மாதிரி தாண்டி, கண்மாய் விளிம்புக் கட்டாந்தரையில முட்டி, ஒரு துள்ளு துள்ளி, ஆட்டுப் புழுக்கை நடுவுல போய் நின்னுச்சு. காத்தாடி உடைஞ்சது. வேற ஒண்ணும் ஆகலை.

மூத்தவன் இறங்கி எங்கிட்ட வந்தான். கையை நீட்டினான்.

"பெட்டியைக் குடு ஆத்தா."

எனக்குச் சுருக்குன்னு ஆச்சு. "ஏன்லே? காட்டுக்குள்ளயா போச்சு? அந்தா நிக்குது பாரு, கண்மாய்க்குள்ள."

"அதுக்கில்ல. உனக்குக் கை நடுங்குது. கீழ போட்டுறாத."

நடுங்கினதுதான். அதுக்காகக் குடுத்துர முடியுமா?

"பெட்டி எங்கிட்டயே இருக்கட்டும். நீ போயி பிளேனைத் தூக்கிட்டு வா."

போனான். ரெண்டு கையிலும் பச்சைப் பிள்ளையைத் தூக்குற மாதிரி தூக்கிக்கிட்டு வந்தான். வெள்ளைச் சட்டை முழுக்க எண்ணெய். "என்ன ஆத்தா இம்புட்டு எண்ணெய் கக்குது"ன்னான். "இன்ஜின்னா கக்கும்லே"ன்னேன். வீடு வரைக்கும் அவனே தூக்கிட்டு வந்தான். வர்ற வழியில, "அலாரம் அடிச்சா இறக்கணும்"னு மட்டும் சொன்னான். அது நியாயம். இப்ப இறக்கிருறேன்.

இவ்வளவுதான். ஏ ஆத்தா, காலேஜ்காரி, அந்த போனைக் கீழ வச்சுட்டு இங்கன வா. கண்ணாடி போட்டாலும் என் எழுத்தே எனக்குப் புரியலை. முதல்ல இருந்து நிதானமா வாசி, நான் கேக்குறேன். விளக்கெண்ணெய் வர்ற இடத்துல மட்டும் சிரிக்காம வாசி.